மணிக்கு ரத்தம் ஊறட்டும்

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நாய் மணியைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று, தானாகவே எழுந்து வாழை மூடு வரை நடந்துபோய் ஒன்றுக்கிருந்தான் என்று நீ சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது: "இனி ஒண்ணும் பயப்படாண்டாம் மக்கா. பய எந்திச்சுட்டான்லா, இந்த மாத்திரைகள நிறுத்திரலாமா?" அதற்குப் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல். அத்தானுக்கும் வாசித்துக் காட்டு.

நிறுத்தக் கூடாது, அக்கா. ஒரு வேளைகூட.

மணியின் உடம்பில் ரத்தம் ஊறாமல் போகவில்லை. எலும்பு மஜ்ஜை அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நோய்க் கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புசக்தி, அவனுடைய சொந்தச் சிவப்பணுக்களையே எதிரி என்று எடுத்துக்கொண்டது. நாயின் சிவப்பணு ஒன்று சாதாரணமாக நூறு நாளுக்கு மேல் உயிரோடிருக்கும். இந்த நோயில் சில நாளிலேயே மண்ணீரலும் ஈரலும் அவற்றை அழித்துவிடுகின்றன. உடைந்த அணுக்களின் சாயம்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரிந்தது. மூத்திரம் கட்டஞ்சாயா நிறத்தில் போனதற்கும் அதுவே காரணம். காமாலை என்று நினைத்து கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்ன ஆச்சியிடம் கோபப்படாதே. கண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

டாக்டர் ஸ்லைடில் ஒரு துளி ரத்தத்தோடு உப்புக்கரைசலைக் கலந்து காட்டினார், அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றன என்றாய். இதை உறுதிசெய்ய இன்னொரு சோதனையும் உண்டு, கூம்ஸ் டெஸ்ட் என்று பெயர். ஆர்.எச். நெகட்டிவ் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் எடுப்பார்களே, அதுவும் இதன் ஒரு வகைதான். 1945-இல் கேம்பிரிட்ஜில் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராபின் கூம்ஸ், படிப்பால் ஒரு கால்நடை மருத்துவர். மணி சாப்பிடும் அசத்தியோபிரினுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. மனிதர்களுக்குச் சிறுநீரகம் மாற்றி வைக்கப் பயன்பட்ட அந்த மருந்தை 1960-களின் தொடக்கத்தில் ராய் கால்னி என்ற அறுவை மருத்துவர் முதலில் நாய்களிடம்தான் சோதித்தார். எத்தனையோ மனிதர்கள் பிழைக்க நாய்கள் உயிரைக் கொடுத்திருக்கின்றன. "ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா" என்று கேட்கிறவர்களிடம் நீ சண்டைக்குப் போக வேண்டாம், இதை மட்டும் சொல்.

இனி அத்தான் கேள்விக்கு வருகிறேன். ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணு என்று சொல்லும் பி.சி.வி. 13-இல் இருந்தது, இப்போது 27. நல்ல நாய்க்கு 37-க்கு மேல் இருக்க வேண்டும். எண் ஏறுவதற்குக் காரணம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எதிர்ப்புசக்தியை அடக்கி வைத்திருப்பதுதான். கையை எடுத்தால் அது மறுபடியும் சிவப்பணுக்கள் மேல் பாயும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைக்கும்போது உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. திடீரென்று மாத்திரையை விட்டால் நாய் சுருண்டு விழலாம். பி.சி.வி. 30-ஐத் தாண்டி இரண்டு வாரம் அங்கேயே நின்றால், கால் பங்கு குறைப்பார்கள். அதன் பிறகு சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். எல்லாம் முடிய நாலு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை ஆகலாம். அப்படிச் செய்தும் நூற்றில் பத்துப் பதினைந்து நாய்களுக்கு நோய் திரும்புகிறது. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க விழித்திருந்ததைவிட இந்த மாதங்கள்தான் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது ஊரே விசாரித்தது. இனி நீயும் மாத்திரையும் மட்டும்தான்.

அந்த ஸ்டீராய்டு மாத்திரை மணியை வேறு நாயாக ஆக்கிவிடும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பான். ராத்திரி அடக்க முடியாமல் அடுக்களையிலேயே ஒன்றுக்கிருந்துவிடுவான். குட்டியிலிருந்து வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் பண்ணாதவன், அதற்காகக் கூச்சப்பட்டுக்கொண்டு மூலையில் போய் ஒடுங்குவான். அவனை வைய வேண்டாம், தண்ணீரையும் குறைக்க வேண்டாம். பழைய சாக்கை விரித்துப் போடு, ராத்திரி ஒருமுறை எழுப்பி வெளியே விடு. பசி தாங்காமல் குப்பைக்கூடையைக் கவிழ்ப்பான். வயிறு தொங்கும், தொடைச் சதை வற்றும், சும்மா படுத்திருந்தாலும் இளைப்பான், முடி கொட்டும். டோஸ் குறையக் குறைய எல்லாம் சரியாகும். இங்கே எங்கள் அடுத்த வீட்டு காக்கர் ஸ்பேனியலுக்கும் இதே நோய் வந்தது. அந்த இன நாய்களுக்கு இது கூடுதலாக வரும். சில மாதம் அதை அடையாளமே தெரியவில்லை. இப்போது தபால்காரரைத் தெருமுனை வரை துரத்துகிறது.

சாப்பாட்டில் ஒரு விஷயம் முக்கியம். நம் வீட்டில் உள்ளி சேராத கறியே கிடையாது. சின்ன உள்ளியோ பெரிய உள்ளியோ பூண்டோ, வேகவைத்தாலும் வறுத்தாலும், நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உனக்கும் எனக்கும் உள்ளித்தீயல் அமிர்தம். மணிக்கு அது விஷம். மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடு. உப்பு மட்டும் போட்டு, இல்லை அதுவும் இல்லாமல், முள் நீக்கிய மீனோ கோழியோ முட்டையோ அவித்துச் சோற்றோடு கொடு. ரத்தம் ஊற இரும்புச்சத்து டானிக் வாங்க அத்தான் மெடிக்கலுக்குக் கிளம்பினால் நிறுத்து. உடைந்த அணுக்களின் இரும்பு உடம்புக்குள்ளேதான் இருக்கிறது. காய்ச்சல் மாதிரித் தெரிந்தால் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை நினைத்தும் பார்க்காதே. அதுவும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வலி மாத்திரை எதுவும் பிரட்னிசலோனோடு சேர்ந்தால் வயிறு புண்ணாகும்.

மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அசத்தியோபிரின் மாத்திரையை அவள் தொடவே கூடாது, மணியின் மூத்திரத்தைத் துடைக்கவும் கூடாது. நீயும் கையுறை போட்டுக்கொள், மாத்திரையை உடைத்துக் கொடுக்காதே.

இத்தனைக்கும் காரணம் ஒரு உண்ணி. மணியின் ரத்தத்தில் பபேசியா இருந்தது என்று சொன்னார்களே, உண்ணி கடத்துகிற அந்தக் கிருமிதான் எதிர்ப்புசக்தியைக் கிளறிவிட்டிருக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெக்கையும் ஈரமும் மாறி மாறி இருந்தால் உண்ணிக்குக் கொண்டாட்டம். நாய் உண்ணி புல்லில் மட்டும் இருப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மணி படுக்கும் திண்ணையின் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல். டாக்டர் எழுதிய உண்ணி மாத்திரையைத் தேதி தவறாமல் கொடு. வயல் தண்ணீரைக் குடிக்க விடாதே. எதிர்ப்புசக்தியை அடக்கி வைத்திருக்கும் நேரத்தில் எலிக்காய்ச்சல் வந்தால் தாங்க மாட்டான்.

தினமும் காலையில் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார். மணிக்கு ஈறு கறுப்பு என்பதால் கீழ் இமையின் உட்புறத்தையும் பார்த்துக்கொள். வெளிறியிருந்தாலோ மஞ்சளித்தாலோ, மூத்திரம் மறுபடி இருண்டாலோ, அன்றைக்கே கொண்டுபோ. தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்குக் கீழே மூச்சு இருக்க வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்காதே. இந்த நோயில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பதுதான் பல நாய்களைக் கொல்கிறது. குளோபிடோக்ரல் மாத்திரை தருவது அதைத் தடுக்கத்தான்.

மலையோரத்திலிருந்து ஒருவர் தன் ராஜபாளையம் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி வரை வந்து ரத்தம் கொடுக்க வைத்தாரே, அவரை நான் நினைக்காத நாளில்லை. இங்கே பெட் பிளட் பேங்க் யூகே என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. 2005-இல் சட்டம் மாறிய பிறகு, 2007-இல் தொடங்கியது. எங்கள் லாப்ரடாரும் அங்கே ரத்தம் கொடுக்கிறாள். வயது ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே, எடை 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசி சரியாகப் போட்டிருக்க வேண்டும். மேசையில் படுக்க வைத்து, கழுத்து ரத்தக்குழாயிலிருந்து 450 மில்லி எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. நம் மாநிலத்திலும் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு ரத்த வங்கி உண்டு. ஆனால் நம் ஊர் பூதப்பாண்டிக்கும் அதற்கும் சுமார் 700 கிலோமீட்டர். பி.சி.வி. 13-இல் கிடக்கும் நாய் அவ்வளவு தூரம் தாங்காது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் கல்லூரி வந்தது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நாயின் ரத்தம் நாயிடமிருந்துதான் வர வேண்டும்.

அதனால் அக்கா, அத்தானுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பெரிய நாய் வளர்ப்பவர்கள் அவருக்குத் தெரியாமல் இருக்க மாட்டார்கள். நாயின் எடை, வயது, தடுப்பூசித் தேதி, வீட்டுக்காரர் போன் நம்பர் என்று ஒரு நோட்டில் எழுதி, கால்நடை டாக்டர்களிடம் ஒரு பிரதி கொடுக்கட்டும். நாய்க்கு முதல் தடவை ரத்தம் ஏற்றும்போது பெரும்பாலும் சிக்கல் வராது, அடுத்த தடவை ஒத்துப்போகிறதா என்று சோதித்தே ஏற்ற வேண்டும். அதனால் மணிக்கே மறுபடி தேவைப்பட்டாலும் ஒரு நாய் போதாது, நாலைந்து நாய்கள் வேண்டும்.

வியாழக்கிழமை ரத்தம் பார்க்கிறார்கள் என்றாய். காலையில் சாப்பாட்டோடு மாத்திரையைக் கொடுத்துவிட்டே கூட்டிப் போ. தடுப்பூசித் தேதி நெருங்கினால், இந்த நோய் வந்திருக்கிறது என்று சொல்லிக் கேட்டுவிட்டு அவர்கள் முடிவுப்படி செய். பி.சி.வி.யோடு பிலிருபினும் பிளேட்லெட்டும் எவ்வளவு என்று கேள். சீட்டைப் படம் பிடித்து அன்றைக்கே எனக்கு அனுப்பு. இங்கே நடுராத்திரியானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
தம்பி