டன்னலில் நின்றவர்கள்

2005 பிப்ரவரி 1-ம் தேதி. லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் மேட்ச். அங்கே ராத்திரி சாப்பாட்டு நேரம், நமக்கோ நடுராத்திரி தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்க, டி.வி. சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. சண்டை ஆரம்பித்துவிட்டது.

டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து மைதானத்துக்கு வரும் குறுகலான வழியை 'டன்னல்' என்பார்கள். ஹைபரியின் டன்னல் ரொம்பவே குறுகல். இரண்டு டீமும் தோளோடு தோள் உரசித்தான் நிற்க முடியும். ஆர்சனல் கேப்டன் பாட்ரிக் வியெரா, யுனைடெட்டின் கேரி நெவிலிடம் ஏதோ சொல்லி மிரட்டியிருக்கிறார். விஷயம் யுனைடெட் கேப்டன் ராய் கீன் காதுக்குப் போயிற்று. அவ்வளவுதான். மனிதர் விரலை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். 'எங்கள் பையனிடம் என்ன வம்பு, வா வெளியே பார்த்துக்கலாம்' என்கிற ரீதியில். நடுவில் ரெஃப்ரி கிரஹாம் போல், கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட புரோகிதர் மாதிரி சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் காட்சியைப் பிறகு எத்தனை முறை பார்த்திருப்பேனோ, கணக்கில்லை. விசுவாசம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். போட்டிருக்கிற சட்டைக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கும் இரண்டு பேர்!

அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டு பேருமே அந்தச் சட்டைகளில் இல்லை.

நான் ஆர்சனல் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பாரபட்சம் என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த ஊரைப் பார்த்ததில்லை, அந்தத் தெருவில் நடந்ததில்லை. டெனிஸ் பெர்காம்ப் என்ற டச்சுக்காரர் ஆகாயத்திலிருந்து வரும் பந்தைக் காலில் வாங்கி நிறுத்துவதை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். அதோடு மாட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு மேட்சிலும் பெர்காம்ப் ஒரு கோல் போட்டார். முதல் கோல் வியெரா. இரண்டு முறை முன்னிலையில் இருந்தும் 2-4 என்று தோற்றோம். ('தோற்றோம்' என்கிறேன் பாருங்கள்!) கிறிஸ்டியானோ ரொனால்டோ என்ற இருபதைத் தொடாத பையன் இரண்டு கோல் போட்டான். கடைசி நிமிஷத்தில் ஜான் ஓஷே என்ற டிஃபெண்டர், கோல்கீப்பர் தலைக்கு மேல் பூப்போலப் பந்தைத் தூக்கிப் போட்டுக் கதையை முடித்தார்.

இந்தப் பகைக்கு ஒரு முன்கதை உண்டு. 2003 செப்டம்பரில் யுனைடெட்டின் ஓல்டு ட்ராஃபோர்டு மைதானத்தில், கடைசி நிமிஷத்தில் கிடைத்த பெனால்டியை ரூட் வான் நிஸ்டல்ராய் கம்பத்தில் அடித்தார். ஆர்சனலின் மார்ட்டின் கியோன் அவர் தலைக்கு மேல் எகிறிக் குதித்துக் கொக்கரித்த அழகை நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் பார்க்கக் கூடாது. கிளப்புக்கு 1,75,000 பவுண்டு அபராதம், நாலு ஆட்டக்காரர்களுக்குத் தடை. ஆனால், அந்த சீஸனில் 38 மேட்சிலும் தோற்காமல் கோப்பையைத் தூக்கியதும் அதே டீம்தான். தோல்வியே காணாத 49 மேட்ச் ஓட்டத்தை 2004 அக்டோபரில் அதே ஓல்டு ட்ராஃபோர்டில் யுனைடெட் முடித்துவைத்தது. ஆட்டம் முடிந்ததும் யாரோ வீசிய பீட்சா ஒன்று யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் மேல் போய் அப்பியது. வீசியது நான்தான் என்று செஸ்க் ஃபாப்ரகாஸ் ஒப்புக்கொள்ள 13 வருஷம் ஆயிற்று.

சரி, டன்னலுக்கு வருவோம். அந்த வரிசையில் நின்றவர்களை இப்போது ஒவ்வொருவராகப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது.

ஆர்சனல் வரிசையில் சோல் கேம்பல். பக்கத்துத் தெரு எதிரியான டாட்டன்ஹாமின் கேப்டனாக இருந்தவர். 2001-ல் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பைசா டிரான்ஸ்ஃபர் பணம் அவர்களுக்குக் கிடைக்காமல் ஆர்சனலுக்கு வந்துவிட்டார். டாட்டன்ஹாம்காரர்கள் அவரை 'யூதாஸ்' என்றார்கள். நாங்கள் 'வாங்க வாங்க' என்றோம். அன்றைக்கு எனக்கு அதில் துரோகம் எதுவும் தெரியவில்லை.

அதே வரிசையில் ஆஷ்லி கோல். சின்னப் பையனிலிருந்து ஆர்சனலிலேயே வளர்ந்தவர். அந்த மேட்சுக்கு ஐந்து நாள் முன்னால்தான், ஜனவரி 27-ம் தேதி, லண்டன் ஹோட்டல் ஒன்றில் செல்ஸி மேனேஜர் ஜோஸே மொரின்யோவை ரகசியமாகச் சந்தித்திருந்தார். விஷயம் வெளியே வந்து, செல்ஸி, மொரின்யோ, கோல் மூன்று தரப்புக்கும் அபராதம். அடுத்த வருஷமே செல்ஸிக்குப் போய்விட்டார். வாரம் 60,000 பவுண்டு கேட்டதற்கு ஆர்சனல் 55,000-தான் தருவேன் என்றதாம். அதைக் கேட்டு ஆத்திரத்தில் கார் ரோட்டைவிட்டே விலகப் பார்த்தது என்று சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ரசிகர்கள் அவர் முகம் போட்ட போலி நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். நானும் இங்கே உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். காசுக்கு விலைபோனவன்!

எதிர் வரிசையில் மிகேல் சில்வெஸ்டர். அன்றைக்கு ஆர்சனலின் லியுன்பெர்கைத் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். மூன்று வருஷம் கழித்து எங்கே சேர்ந்தார் தெரியுமா? ஆர்சனலில்! 2008-ல் அந்தச் செய்தியைப் படித்தபோது காபி புரையேறியது.

இப்போது வியெராவுக்கு வருகிறேன். 1996-ல் மிலானிலிருந்து ஒல்லிக்குச்சியாக வந்தவர். ஒன்பது வருஷம் ஆர்சனலின் நடுக்களத்துக்கு முதுகெலும்பு. ஒவ்வொரு கோடையிலும் ரியல் மாட்ரிட் கூப்பிடுகிறது என்று வதந்தி வரும், நமக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு போகவில்லை என்று செய்தி வரும். 2005 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் மறுபடி அதே யுனைடெட், அதே கீன். கோல் இல்லாமல் பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. கடைசிப் பந்தை அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் வியெரா. ஆர்சனலுக்காக அவர் உதைத்த கடைசி உதையும் அதுதான்.

ஜூலையில் இத்தாலியின் யுவென்டஸ் விலை பேசியது. 13.7 மில்லியன் பவுண்டு. கிளப் சரி என்றது. கிளப் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. புது ஸ்டேடியம் கட்டிக் கடனில் இருந்தார்கள். வியெராவுக்கு 29 வயது, ஃபாப்ரகாஸ் என்ற பீட்சா பையன் தயாராக இருந்தான். தன்னைப் பிடித்து நிறுத்த யாரும் துடிக்கவில்லை என்பது புரிந்துதான் கிளம்பியதாக வியெரா பிற்பாடு சொன்னார்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கோல் போனால் துரோகி. வியெராவை விற்ற கிளப்பை நான் என்னவென்று திட்டினேன்? ஒன்றும் இல்லை. 'நல்ல விலை, நல்ல நேரத்தில் தள்ளிவிட்டார்கள்' என்று சொல்லியிருக்கிறேன். பழைய ஸ்கூட்டரை விற்ற மாதிரி. அந்த 5,000 பவுண்டுக்குப் பின்னால் போன கோல், செல்ஸியில் எட்டு வருஷம் ஒழுங்காக ஆடி, 2012-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியும் அடித்து ஜெயித்துக் கொடுத்தார். ஆர்சனலே வைத்திருந்தால் இதையெல்லாம் எங்களுக்குச் செய்திருப்பார்.

கீனின் கதை இன்னும் கசப்பு. 1999-ல் டூரின் நகரத்தில் யுவென்டஸுக்கு எதிராக ஐரோப்பிய அரையிறுதி. யுனைடெட் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது தலையால் முட்டி முதல் கோலைத் திருப்பியவர் கீன். பத்து நிமிஷத்தில் மஞ்சள் அட்டை. இறுதி ஆட்டத்தில் ஆட முடியாது என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஆடியதுதான் ஆட்டம். 3-2 என்று ஜெயித்து, தன்னால் ஆட முடியாத ஃபைனலுக்கு டீமை அனுப்பிவைத்தார்.

சாது இல்லை. 2001-ல் ஆல்ஃபி ஹாலந்தின் முழங்கால் மேல் ஏறினார். (பின்னாளில் மான்செஸ்டர் சிட்டிக்காக கோல் குவித்த எர்லிங் ஹாலந்தின் அப்பா.) வேண்டுமென்றே செய்ததுதான் என்ற தொனியில் புத்தகத்தில் எழுதி, ஐந்து மேட்ச் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் வாங்கினார். 2002 உலகக் கோப்பைக்கு முன்னால், ஏற்பாடு சரியில்லை என்று மேனேஜரோடு சண்டை போட்டு அயர்லாந்து டீமிலிருந்தே வீடு திரும்பினார். இந்த மனிதர்தான் வியெராவைப் பார்த்து, 'செனகல் மேல் அவ்வளவு பாசம் என்றால் அந்த நாட்டுக்கே ஆடியிருக்கலாமே' என்று குத்தினார். வியெரா டாக்கரில் பிறந்து, எட்டு வயதில் ஃபிரான்ஸ் வந்தவர். உலகக் கோப்பையில் டீமை விட்டுவிட்டுப் போனவர் இதைப் பேசலாமா என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். விசுவாசத்தைப் பற்றி அடுத்தவனுக்குப் பாடம் எடுப்பது எவ்வளவு சுலபம்!

2005 அக்டோபர் கடைசியில் யுனைடெட் மிடில்ஸ்பரோவிடம் 4-1 என்று உதை வாங்கியது. கால் எலும்பு முறிந்து உட்கார்ந்திருந்த கீன், கிளப்பின் சொந்த டி.வி. சேனலில் சக ஆட்டக்காரர்களைப் பிரித்து மேய்ந்தார். ஓஷேவும் தப்பவில்லை. பேட்டி ஒளிபரப்பாகவில்லை, ஆனால் ஃபெர்குசன் டேப்பைப் போட்டு மொத்த டீமையும் உட்காரவைத்துப் பார்த்தார். நவம்பர் 18-ம் தேதி, பன்னிரண்டரை வருஷம் ஆடிய கேப்டன் 'பரஸ்பர சம்மதத்தின்பேரில்' வெளியே. ஃபெர்குசனிடம் மன்னிப்பு கேட்டதற்காகத் தான் பிறகு வருத்தப்பட்டதாக கீன் சொல்லியிருக்கிறார். கேப்டன் பட்டை யாருக்குப் போனது? எந்த கேரி நெவிலுக்காக டன்னலில் விரலை நீட்டினாரோ, அவருக்கே.

ஃபெர்குசன் அப்படித்தான். புத்தகம் எழுதிய யாப் ஸ்டாம் 2001-ல் போனார். (அது தப்பு என்று ஃபெர்குசனே ஒப்புக்கொண்டார்.) டிரெஸ்ஸிங் ரூமில் அவர் உதைத்த பூட்ஸ் பறந்து வந்து புருவத்தைக் கிழித்த சில மாதத்தில், 2003-ல், பெக்கம் போனார். 2006-ல் வான் நிஸ்டல்ராய். கொடுமை என்னவென்றால், இது வேலை செய்தது. கீன் போன பிறகு 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று லீக் கோப்பை. அதற்காக கீனைக் கழித்துக்கட்டிய விதத்தை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு கோல் பையன் ரொனால்டோவும் மாட்ரிட், டூரின் எல்லாம் சுற்றி 2021-ல் யுனைடெட்டுக்கே திரும்பி வந்து, ஒரு டி.வி. பேட்டியில் கிளப்பைக் கிழித்து, 2022 நவம்பரில் 'பரஸ்பர சம்மதத்தோடு' வெளியேறினார். அதே மாதம், அதே வாசகம்.

வியெரா 2010-ல் மான்செஸ்டருக்கே வந்தார், யுனைடெட்டின் பங்காளியான சிட்டிக்கு. 2013-ல் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு டி.வி. நிகழ்ச்சி எடுத்தார்கள். பழைய சண்டைகளை ரசித்துப் பேசினார்கள். ஹைபரி மைதானம் அப்போது அடுக்குமாடி வீடுகளாக மாறியிருந்தது.

கீன் கடைசியாகச் சேர்ந்தது ஸ்காட்லாந்தின் செல்டிக்கில். 2006 மே மாதம் அவருக்கு மரியாதை செய்ய ஓல்டு ட்ராஃபோர்டில் ஒரு மேட்ச் நடத்தினார்கள். யுனைடெட்டும் செல்டிக்கும். கிட்டத்தட்ட 70,000 பேர் வந்திருந்தார்கள். முதல் பாதியில் கீன் செல்டிக் சட்டையில் ஆடினார். இடைவேளையில் உள்ளே போய், சட்டையை மாற்றிக்கொண்டு, யுனைடெட் கேப்டனாகத் திரும்பி வந்தார்.