212-ஆம் அட்டை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். நான் தேடிப்போன வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. அது அட்டை குத்தித் தருகிற வீடு. நான்கு நாளாக அங்கே கம்ப்யூட்டர் கிளம்பவில்லை.

சேலையில் மயிலோ மாங்காயோ விழ வேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டைகள் வேண்டும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருந்தால் கொக்கி பாவிழையைத் தூக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு இது. பிற்பாடு, 1839-இல், அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் பிடித்தன. தன் கணக்கு எந்திரத்தை அட்டைகளாலேயே நடத்தத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், அந்தப் படத்தின் பிரதி ஒன்றைத் தன் வீட்டில் வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குத் தறி தாத்தா முறை. இந்த வீட்டில் பேரன்தான் தாத்தாவுக்கு அட்டை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அது 2002-இல் மகளின் படிப்புக்காக வாங்கிய பென்டியம் 3. விண்டோஸ் 98. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அப்பா அதில் டிசைன் போடத் தொடங்கினார். அந்த மென்பொருளைத் திறக்கிற பூட்டுக்கட்டையும், அட்டை குத்தும் எந்திரமும் பழைய பிரிண்டர் போர்ட்டில்தான் மாட்டும். "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புதுசில் அந்த போர்ட்டே கிடையாது. இருபது வருஷத்து பார்டரும் முந்தியும் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக்குக்கு அறுபதை ஒட்டிய வயது. டி.வி. ரிப்பேரில் தொடங்கியவர். வந்ததும் ஸ்விட்சைத் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காற்றுத் துளையில் மூக்கை வைத்து மோந்தார். "கருகின வாடை இல்ல. நல்லது."

மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறி முழுக்கப் பட்டுப் பிசிறு, மெத்தை போலப் படிந்திருந்தது. பிரஷால் தட்டி எடுத்தார். பிறகு ஒரு பல்பின் இரண்டு ஒயரையும் பெரிய கண்டன்சர்களின் கால்களில் வைத்தார். பிளக் பிடுங்கிய பிறகும் அவற்றில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. "இத செய்யாம கை வைக்கவே கூடாது தம்பி" என்றார் என்னிடம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மதர்போர்டிலிருந்து கழற்றி மின்சாரம் கொடுத்து, ஊதா ஒயரில் மீட்டரை வைத்தார்: 5 வோல்ட். அணைத்திருக்கும்போதும் வரவேண்டிய காவல் மின்சாரம் அது, வருகிறது. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்தார். விசிறி சுற்றியது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மெக்கானிக் மலரவில்லை. சிவப்பு ஒயரில் ஒரு கார் பல்பைச் சுமையாக மாட்டி மறுபடி அளந்தார். 4.3. அது 4.75-க்குக் கீழே இறங்கவே கூடாது. சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, வேலை கொடுத்ததும் சோர்ந்துபோகிற நோய்.

உள்ளே மூன்று சின்ன கண்டன்சர்களின் தலை உப்பியிருந்தது. ஒன்றில் பழுப்பாகக் கசிவு. மாற்றினார். மைனஸ் காலைக் காட்டும் வெள்ளைப் பட்டை சரியான பக்கம் இருக்கிறதா என்று சாலிடர் வைக்குமுன் இரண்டு முறை பார்த்தார். சுமையோடு அளந்தபோது 5.05.

மாட்டி ஓடவிட்டதும் திரை இருட்டாகவே இருந்தது. நீளமான பீப் விட்டு விட்டு ஒலித்தது. அந்த பயாஸில் அதற்கு அர்த்தம், ராம் சரியாக உட்காரவில்லை. கழற்றி, பென்சில் ரப்பரால் தங்கப் பற்களைத் தேய்த்து மாட்டினார். எழுத்து வந்தது. தேதி மட்டும் பல வருஷம் பின்னால் நின்றது. 3 வோல்ட் காட்ட வேண்டிய காசு பேட்டரி 2.1 காட்டியது; அதையும் மாற்றினார்.

"அறுந்த இழையத் தேடற மாதிரியே இருக்குண்ணே" என்றார் வீட்டுக்காரர். உண்மைதான். பாவில் இழை அறுந்தால் அச்சிலிருந்து விழுதுக்கு, விழுதிலிருந்து பின்னால் என்று ஒவ்வொன்றாகப் போவார்கள். தறியையே கழற்றிப் போடுவதில்லை. மின்சாரம், சுமை, ராம், பேட்டரி என்று அவர் போன வரிசையைக் கேட்டு நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நம்மில் பலர் முதலில் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகித்து எல்லாவற்றையும் அழித்து நிறுவிவிடுகிறோம். அதில்தான் டிசைன்கள் போகின்றன.

கம்ப்யூட்டர் முழுசாகத் திறந்ததும் அவர் டிஸ்க்கைக் கழற்றி, தான் கொண்டுவந்த லேப்டாப்பில் இணைத்து அப்படியே பிரதி எடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. வீட்டுக்கார அம்மா காபி கொண்டுவந்து வைத்தார், யாரும் பேசவில்லை.

சாயங்காலம் எந்திரம் மறுபடி குத்தத் தொடங்கியது. நான்கு நாள் முன்பு 212-ஆம் அட்டையில் நின்றிருந்தது. வீட்டுக்காரர் அந்த அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டைகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, 213-ஐ அதன் பின்னால் நூலால் கோத்தார்.