கூண்டு தொங்கும் வீட்டில் தெள்ளு

அக்டோபர் 6

மகளின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள். கொசு என்றால் கை, கழுத்து, முகம் என்று பார்க்காமல் கடித்திருக்கும். இது முழங்காலுக்கு மேலே ஏறவே இல்லை. சந்தேகம் வந்து, அவளுடைய பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடக்கச் சொன்னேன். கட்டில் பக்கம் போனதும் "அம்மா, குதிக்குதும்மா!" என்று கத்தினாள். சாக்ஸின் மேல் எள்ளளவுகூட இல்லாத பழுப்புப் புள்ளிகள். தெள்ளுப்பூச்சி.

எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. ஆவணி மழையில் நனைந்துகொண்டு கொல்லை வழியாக உள்ளே வந்த பூனை, கட்டிலடியில் கோரைப்பாய்ச் சுருளுக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறது. அதைப் பேன் சீப்பால் சீவினேன். கருந்தூள் உதிர்ந்தது. ஈரப் பஞ்சில் ஒற்றியதும் செம்பழுப்பாகக் கரைந்தது. வெறும் மண் அப்படிச் சிவக்காது. பூனையின் ரத்தத்தைக் குடித்துவிட்டுத் தெள்ளு போட்ட எச்சம் அது.

அத்தைக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டு மூட்டம் காட்டு, தானா ஓடும்" என்றார். ஓடுமோ ஓடாதோ, அந்தப் புகை நேரே போய்ச் சேருகிற இடம் ஜன்னலோரக் கூண்டு. கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்த ஆஸ்திரேலியக் குட்டிக் கிளிகள், பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும். (நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது தெரியாமல் இந்தத் தெருவிலேயே வளர்ப்பவர்கள் உண்டு.)

அக்டோபர் 7

பூச்சி மருந்து அடிப்பவர் வந்தார். முதுகில் டேங்க், கையில் குழாய். "ஹெர்பல் மேடம், வாசனையே வராது. மூணு மணி நேரம் கதவைச் சாத்திட்டு வெளியில இருந்தா போதும். கூண்டை அடுத்த ரூம்ல வெச்சிடுங்க" என்றார். பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் இலைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் டெல்டாமெத்ரின்.

அந்த மருந்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. கரப்பானுக்கு இதே ஆளைத்தான் கூப்பிட்டிருப்பேன். டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. தீனியோடு வயிற்றுக்குள் போனால் பறவைக்கு அந்த அளவு ஆபத்தில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கூண்டுப் பறவை இதைத் தின்னப் போவதில்லை, மூச்சில் இழுக்கப் போகிறது. பனி போலத் தெளிக்கும்போது மருந்தோடு அதைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்தே காற்றில் நிற்கும். வாசனை வராததால் அது காற்றில் இல்லை என்று ஆகிவிடாது.

பறவையின் மூச்சு நம் மூச்சு மாதிரி இல்லை. நாம் இழுத்த காற்றைப் போன வழியே திருப்பி விடுகிறோம். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். பறக்கிற உடம்புக்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும். அதே ஏற்பாடு நஞ்சையும் நம்மைவிட விரைவாக உள்ளே கொண்டுபோய்விடும். நம் கிளி முப்பது நாற்பது கிராம், ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை. நமக்குத் தொண்டை கரகரக்கிற அளவு, அதற்கு முழு விஷம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதனால்தான். அந்தப் பழக்கம் 1986இல்தான் முடிவுக்கு வந்தது.

"கூண்டு இருக்கு, இப்போ வேண்டாம்" என்று சொல்லி, வந்ததற்கு வண்டிக் கூலி கொடுத்து அனுப்பினேன். அவருக்கு வருத்தம்தான்.

சாயங்காலம் மாமா போனில், டைக்குளோர்வாஸ் வாங்கித் தண்ணீரில் கலந்து மூலைமுடுக்கெல்லாம் விடு என்றார். அவர் காலத்தில் மூட்டைப்பூச்சிக்கு அதுதான். நரம்பைத் தாக்குகிற மருந்து, ஆவியாகிக் காற்றில் பரவுவது, பறவை மிகச் சிறிய அளவைக்கூடத் தாங்காது. 2018இல் ஆணை போட்டு, 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். மாமாவிடம் தடை என்று சொன்னேன். "அதான் வேலை செய்யுது" என்றார்.

அக்டோபர் 8

கால்நடை மருத்துவமனை. கூடைக்குள் பூனை வழி நெடுக அலறல்.

டாக்டர் இளம்பெண். முதலில் பூனையை எடை போட்டார். கழுத்துக்குப் பின்னால், நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விடுகிற சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், ஃபிப்ரோனில். மாதம் ஒரு முறை. நாய்க்கு வாங்கிய மருந்தில் பாதியை ஊற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்களாம். "அதுல பெர்மெத்ரின் இருந்தா பூனை பிழைக்கிறது கஷ்டம். பூனையோட ஈரலால அதை உடைக்க முடியாது" என்றார். கிளி இருக்கிறது என்று சொன்னதும், இதே மருந்து ஸ்ப்ரேயாகவும் வரும், அதை வாங்கிவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். அது ஆல்கஹாலில் கரைத்தது, அடிக்கும்போது அறை முழுக்க ஏறும். சொட்டு மருந்தையும் கொல்லையில் வைத்துப் போட்டு, காய்கிறவரை பூனையை உள்ளே விட வேண்டாம், அதைத் தொட்ட கையோடு குழந்தை கூண்டில் கை விட வேண்டாம்.

கிளம்பும்போது அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது: "பூனையும் கிளியும் ஒரே கூடத்திலா? தெள்ளைவிட அது பெரிய ஆபத்தாச்சே!" பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஒரு சின்னப் பல் பதிவு வழியாகவே பறவையைக் கொன்றுவிடுமாம், காயம் தெரியாவிட்டாலும் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம். கூண்டு இன்றே மாடி அறைக்குப் போய்விட்டது, நிரந்தரமாக.

அக்டோபர் 9

பூனைமேல் இருக்கும் தெள்ளுக்கு மருந்து ஆயிற்று. ஆனால் கண்ணில் படுகிற தெள்ளு ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது ஐம்பது முட்டைகூட இடும். அவை முடியில் ஒட்டாது. பூனை எங்கே படுக்கிறதோ அங்கே உதிர்ந்து உருளும். பொரிகிற புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்குக்குள் போய், உதிர்ந்த அந்தக் கருந்தூளையே தின்று வளரும். காற்றில் ஈரம் இருந்தால்தான் பிழைக்கும். ஐப்பசி வரப்போகிறது, ஈரத்துக்கு என்ன குறை!

ஆக, யுத்தம் தரையில். கட்டிலை நகர்த்தினோம். கோரைப்பாயின் ஒவ்வொரு இழைக்கும் நடுவில் வெள்ளைத் துகள். வெயில் இருந்தால் மொட்டைமாடியில் விரித்திருக்கலாம். மூட்டமாக இருந்ததால் கொல்லையில் கல்லின்மேல் போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். ஒரு பாய் சாயம் போய்விட்டது. விரிப்பு, தலையணை உறை, பூனை படுத்த பழைய புடவை எல்லாம் வாஷிங் மெஷினில் அறுபது டிகிரியில். எதிர்வீட்டு வேக்வம் கிளீனரை இரவல் வாங்கி, சிமெண்டுத் தரையின் வெடிப்பு, கதவு நிலை, சோபா மடிப்பு என்று இவர் மண்டியிட்டுப் போட்டார். தென்னந்துடைப்பம் தூசியைக் கிளப்பும், இது விழுங்கும். உள்ளே இருக்கும் பையை உடனே பாலித்தீனில் கட்டி வெளியே போட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குள்ளேயே பொரிந்து திரும்ப வரும்.

தரையை வெறும் சோப்புத் தண்ணீரால் துடைத்தோம். நீலகிரித் தைலமும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் கலந்த மணக்கிற தரைத் திரவத்தை நான் ஒதுக்கினேன். இயற்கைப் பொருள் என்று போட்டிருக்கும் எண்ணெய்களும் ஆவியாகித்தான் மணக்கின்றன. பாச்சை உருண்டைக்கும் மண்ணெண்ணெய்த் துடைப்புக்கும் அதே பதில். கிளிக்குத் தும்பையும் துளசியும் ரசாயனமும் ஒன்றுதான். காற்றில் ஏறுகிறதா, இல்லையா என்பது மட்டுமே கணக்கு.

அக்டோபர் 12

பக்கத்து வீட்டு அக்கா தெள்ளுப் பவுடர் கொண்டுவந்து, "கூண்டுக்குள்ளயும் ஒரு கை தூவிடு, கிளி மேலயும் ஏறியிருக்கும்" என்றார். பூனைத் தெள்ளு கிளிமேல் குடியேறாது. அதற்குப் பாலூட்டியின் சூடும் ரத்தமும் வேண்டும். கோழி வளர்க்கிற வீடு என்றால் வேறு கதை, கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் ஒட்டிக்கொள்கிற தெள்ளு தனி இனம். நம் கிளிகளுக்கு வருவது அலகைச் சுற்றிச் சொரசொரப்பாக்கும் சிற்றுண்ணி. அதற்கு மருந்து டாக்டர் கையால்தான். கிளி அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருப்பது. மேலே தூவியதெல்லாம் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும். நுண்ணிய பாறைத்தூளைத் தூவச் சொல்பவர்களும் உண்டு. பூச்சி உலர்ந்து சாகும், உண்மை. ஆனால் அந்தத் தூசி காற்றில் எழுந்தால் மூச்சுக்குக் கெடுதல்.

பவுடரை வாங்கி வைத்துக்கொண்டு, நன்றி சொன்னேன். அக்காவிடம் சண்டை போட முடியுமா?

அக்டோபர் 14

இரவில் பொறி. அகலத் தட்டில் தண்ணீர், பாத்திரம் விளக்கும் திரவம் சில சொட்டு, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பழைய குண்டு பல்பு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாவும் தெள்ளு, திரவம் கலக்காத தண்ணீரில் மிதந்து தப்பிவிடும், கலந்தால் மூழ்கும். இதனால் மட்டும் வீடு சுத்தமாகிவிடாது. எங்கே இன்னும் இருக்கிறது என்று காட்டும். கட்டிலடியில் நிறைய, சமையலறையில் ஒன்றும் இல்லை.

தூக்கம் வராமல் படித்தது: பிளேக் நோயை எலியிலிருந்து கொண்டுவருவது தெள்ளுதான் என்று 1898இல் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த இடம் கராச்சி. ஆரம்பத்தில் பலர் நம்பவில்லையாம்.

அக்டோபர் 20, தீபாவளி

தெள்ளை மறந்த நாள். மாடி அறையின் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்து, கூண்டின்மேல் மெல்லிய வேட்டியைப் போர்த்தினோம். பூச்சி மருந்து வேண்டாம் என்றதற்கு என்னைக் கேலி செய்த மாமா, கூடத்துக்குள்ளேயே பாம்பு மாத்திரை கொளுத்தப் பார்த்தார். தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 27

மறுபடியும் கடி. இவர், "பார்த்தியா, மருந்தே அடிச்சிருக்கலாம்" என்றார்.

அடித்திருந்தாலும் இது நடந்திருக்கும். கூட்டுப்புழு பட்டு நூலால் கூடு பின்னி, அதன்மேல் தரைத்தூசியை ஒட்டவைத்துக்கொள்கிறது. தெளிக்கிற எந்த மருந்தும் அதற்குள் போவது அரிது. உள்ளே முழு வளர்ச்சி அடைந்த தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும். அதிர்வும் சூடும் நம் மூச்சுக் காற்றும் தெரிந்த நிமிஷம் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைபவர்களை மொத்தமாகக் கடிப்பது இப்படித்தான். வேக்வம் கிளீனரின் அதிர்வும் அவற்றை எழுப்பிவிடும், அது நல்லதுதான். எழுந்தவை மருந்து போட்ட பூனைமேல் ஏறினால் முட்டையிடுவதற்குள் சாகும். அதனால்தான் பூனையை வீட்டைவிட்டுத் துரத்துவது தவறான யோசனை. துரத்தினால் தெள்ளுக்கு மிஞ்சுவது நம் கணுக்கால்தான்.

தினமும் வேக்வம். மழை.

நவம்பர் 8

பூனைக்கு இரண்டாவது முறை சொட்டு மருந்து. இந்த வாரம் பொறித்தட்டில் கொசு மட்டும்.

நவம்பர் 23

சாக்ஸ் சோதனையில் ஒன்றும் ஏறவில்லை. வேக்வம் கிளீனரை ஒரு கிலோ லட்டுவோடு எதிர்வீட்டில் திருப்பிக் கொடுத்தாயிற்று. சொட்டு மருந்து இன்னும் சில மாதம் தொடரும்.

இதைப் படிக்கிற பறவை வீட்டுக்காரர்களுக்கு: சில வீடுகளில் தெள்ளு இவ்வளவு எளிதில் அடங்காமல், மருந்து தெளித்தே ஆக வேண்டிய நிலை வரலாம். அப்படியானால் கூண்டு, தீனி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றோடும் பறவையை அடுத்த அறைக்கு அல்ல, வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். தரை காய்ந்து, ஜன்னல் திறந்து, மின்விசிறி ஓடி, குறைந்தது ஒரு முழு நாள் போன பிறகே திரும்பக் கொண்டுவாருங்கள். கூண்டு இருந்த இடத்தை அதற்கு முன் ஈரத்துணியால் துடையுங்கள். புகைபோல அறை முழுக்கக் கக்கும் டப்பாவை வாங்கவே வேண்டாம். அது கட்டிலடிக்குப் போய்ச் சேருவதும் இல்லை. அடிக்க வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். ஹெர்பல் என்று மட்டும் சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.