பனிமலைப் பாதையில் – 4: மூன்றாம் நிலை

விடாமல் கொட்டிய பனி விடியற்காலையில் ஓய்ந்து, காஷ்மீரின் குல்மார்க்கில் நல்ல வெயில் அடித்தது. மலைமேல் ஏற்றிச்செல்லும் கொண்டோலா கம்பிவண்டிக்கான வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரே அவசரம்: யாரும் கால் வைக்காத பனியில் முதலில் சறுக்கி இறங்கவேண்டும். எங்கள் வழிகாட்டி மட்டும் நிதானமாக இருந்தார். தங்மார்க்கில் பிறந்து இந்த மலையிலேயே வளர்ந்தவர். "பனி பெய்யும்போது யாரும் மேலே போவதில்லை, சாப். மறுநாள் வெயிலைப் பார்த்துத்தான் போகிறார்கள். புதுப் பாரம் முழுதும் அப்போது மலைமேல்தான் இருக்கிறது" என்றார்.

அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை மூன்றாம் நிலை. ஐந்தில் மூன்று என்றதும் ஆபத்து நடுத்தரம்தான் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தப்பு. படிக்குப் படி ஆபத்து பல மடங்காக ஏறுகிறது. நான்கு, ஐந்து என்றால் விவரம் தெரிந்தவர்கள் அறையைவிட்டு நகரமாட்டார்கள், மூன்றில் கிளம்பிவிடுவார்கள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுக்குப் பலியாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான் பலியாகிறார்கள்.

நடு நிலையமான கோங்தூரியில் கொண்டோலா மாறி ஏறி, ஏறத்தாழ 3,950 மீட்டரில் அஃபர்வத் மலைத்தோளில் இறங்கினோம். சற்று தூரத்தில் ரோந்துக் குழு கண்காணிக்கும் எல்லை முடிகிறது. அதற்கு அப்பால் அவரவர் உயிருக்கு அவரவரே பொறுப்பு. நாங்கள் இறங்க நினைத்த சரிவு எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையைப் பார்த்த சிறிய மேடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டி மண்வெட்டியால் நெஞ்சளவு குழி வெட்டினார். குழியின் சுவரில் அந்தக் குளிர்காலம் முழுதும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே ராத்திரிப் பனி, கை வைத்தால் முழுக் கையும் உள்ளே போனது. அதன் கீழே காற்று அடித்து இறுக்கிய கெட்டிப் பலகை. அதில் ஒரு விரலைக்கூட அழுத்த முடியவில்லை. அதற்கும் அடியில், தரையை ஒட்டி, அள்ளினால் அஸ்கா சர்க்கரையாக விரலிடுக்கில் உதிர்ந்த பனி.

ஆபத்தெல்லாம் அந்த அடிப்பனியில்தான். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் 'சில்லை கலான்' கடுங்குளிரில் பனி குறைவாகப் பெய்தால், தரையில் மெல்லிய அடுக்குதான் இருக்கும். அதன் அடிப்பாகம் பூஜ்யம் டிகிரியை ஒட்டியும், மேற்பாகம் அதைவிடப் பல டிகிரி குளிர்ந்தும் இருக்கும். நீராவி கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருப்பதால், பரல்களுக்கு இடையிலிருந்த பிணைப்பு அற்று, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்களாகிவிடும். பிறகு அதன்மேல் எத்தனை அடி பெய்தாலும் அத்தனையும் பிடிமானம் இல்லாமல்தான் நிற்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியில்லாமல் காய்ந்து கிடந்தது. பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. பிப்ரவரி 22 அன்று சரிந்த பனியில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். பயிற்சி இருந்தால் தப்பலாம் என்றும் சொல்ல முடியாது. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் இறந்த 17 பேரும் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்த ராணுவத்தினர்.

வழிகாட்டி முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணைத் தனியே அறுத்து, தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது முறை. முழங்கைத் தட்டு தொடங்கியதுமே பலகை முழுசாக வழுக்கி என் பூட்ஸ்மேல் விழுந்தது. வெட்டுவாய் வழவழப்பாக இருந்தது. மனிதர் மாட்டிக்கொள்ளும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை அந்த மனிதரோ கூட வந்தவரோதான் கிளப்பிவிடுகிறார் என்று படித்திருந்தேன். அதற்கு எவ்வளவு சிறிய பாரம் போதும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் அனுப்பும் ட்ரான்ஸீவர், குத்திப் பார்க்க நீளக் கம்பி, தோண்ட மண்வெட்டி ஆகிய மூன்றும் எங்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தன. முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்; அதன்பின் வாய்ப்பு சடசடவென்று சரிகிறது. கீழிருந்து ஆள் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். காப்பாற்ற வேண்டியவர்கள் பக்கத்தில் இருப்பவர்களே. ஸ்கையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்களைப் பார்க்கையில் எனக்குப் பதைக்கிறது. யாராவது அவர்களை நிறுத்திச் சொல்லவேண்டும்.

எதிர்ச் சரிவில் அதற்குள் நான்கைந்து தடங்கள் விழுந்திருந்தன. "அவர்கள் இறங்கிவிட்டார்களே, பாய்?" என்றேன்.

"பலகை எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. கனமான இடத்தில் பத்துப் பேர் போகலாம். பதினோராவது ஆள் பாறையோரம் மெலிந்த இடத்தில் திரும்புவான், முழுச் சரிவும் வரும். தடத்தைப் பார்க்காதீர்கள், சாய்வைப் பாருங்கள்."

சாய்வுமானியில் அளந்தார்: 37 டிகிரி. முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் உள்ள சரிவுகள்தான் அதிகம் பெயர்கின்றன. ரோந்துப் பாதை வழியாகவே கீழே வந்து, மதியத்துக்குமேல் பாபாரேஷி தர்கா பக்கம் இறங்கும் அடர்ந்த காட்டுக்குள் சாய்வு குறைந்த இடமாகப் பார்த்துப் போனோம்.

(தொடரும்)