பாரிமுனையில் முப்பது மீசை

வாய் இருக்கிறதே, அது மட்டும் சும்மா இருந்தால் என் வாழ்க்கையில் பாதிப் பிரச்னை கிடையாது.

வங்கியில் வேலை பார்க்கும் நண்பன் போன் செய்தான். அவன் கிளையின் ஹெட் கேஷியர் ரிடையர் ஆகிறாராம். பொன்னாடை, சந்தன மாலை எல்லாம் வழக்கம்போல. அதோடு கேஷியரைப் போலவே குட்டிப் பொம்மை வைத்த கீ செயின் செய்து, ஸ்டாஃப் முப்பது பேருக்கும் ஞாபகார்த்தமாகக் கொடுக்க ஆசையாம்.

"சிஸ்டர்தான் செய்யறாங்களேடா... ஒண்ணு என்ன ஆகும்?"

"நமக்குள்ள என்னடா... எண்பது ரூபா" என்றேன், கர்ணன் பரம்பரை மாதிரி.

சமையலறையில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று வைக்கப்பட்டது.

மறுநாள் காலை இருவரும் ஹைகோர்ட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினோம். க்ளேயை ஆன்லைனில் வரவழைத்து விடுகிறாள். வளையம், சங்கிலி, திருகுக் கொக்கி, கவர் எல்லாம் மொத்தமாக வாங்க பாரிமுனைதான். என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்கு ஒரு காலத்தில் சைனா பஜார் ரோடு என்று பெயர். பெயரை மாற்றினார்களே தவிர, சரக்கு இன்றைக்கும் பாதி சைனாதான்!

பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் பக்கத்து வீட்டுக்காரர்களாகக் குடியிருக்கிறார்கள். பழைய பெருமாள் கோயில் இப்போது ஹைகோர்ட் நிற்கிற இடத்தில் இருந்தது. 1757-ல் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள். சாமிக்கே ஜாகை மாற்றம்! ஒரு கும்பிடு போட நின்றேன். "வழி வுடு சார்... காலு, காலு!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு மீன்பாடி வண்டி. தேவராஜ முதலி தெருவில் நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நடத்திக்கொண்டு போகிறது.

இந்த பாலிமர் க்ளே பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர்தான் களிமண், உள்ளே ஒரு சிட்டிகை மண் கிடையாது. பி.வி.சி. பொடி, அதை இளக்கி வைக்கும் எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம், கலர். ஜெர்மனியில் பொம்மை செய்து புகழ்பெற்ற கேத்தே க்ரூஸே அம்மாளின் மகள் இந்த மாதிரிக் க்ளேயை வைத்துப் பொம்மை செய்து பார்த்திருக்கிறார். அவருடைய செல்லப் பெயர் ஃபிஃபி. 1960-களில் ஒரு பென்சில் கம்பெனி அதை வாங்கி ஃபிமோ என்று விற்றது.

காற்றில் காயாது. சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, உருட்டி, ஒட்டி, கடைசியில் ஓவனில் சுட வேண்டும். பிராண்டைப் பொறுத்து 110-லிருந்து 130 டிகிரி. நம் ஊர் வெயிலில் கையில் எடுத்த ஐந்தாவது நிமிஷம் தொளதொள என்று ஆகிவிடும். பாதி செய்த கேஷியரை ஃப்ரிஜ்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். வெள்ளைக் க்ளே இன்னும் மோசம். கையில் உள்ள தூசி, துண்டு நூல் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். சட்டைக்கு வெள்ளை எடுப்பதற்கு முன்னால் கையைத் துடைத்துத் துடைத்தே அவளுக்குத் தோல் உரிந்திருக்கிறது.

ஒருமுறை உதவி செய்கிறேன் பேர்வழி என்று நானும் களத்தில் இறங்கினேன். 120 டிகிரியில் 20 நிமிஷம் என்றால், 240 டிகிரியில் 10 நிமிஷம்தானே? பி.காம். படித்தவன் கணக்கு! நாலாவது நிமிஷம் கண் எரிகிற மாதிரி ஒரு புகை. பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் க்ளோரைடு வரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஆறு யானைக் குட்டிகள் அடுப்புக்கரி ஆயின. ஓவன் பக்கம் போக எனக்கு இன்றுவரை தடை.

சந்துக்குள் மாடிப்படி ஏறி ஒரு கடை. கல்லாவில் இருந்த இளைஞன் போனில் இந்தி, வேலைக்காரப் பையனிடம் தமிழ், கால்குலேட்டரிடம் மௌனம்.

"வளையம் எவ்ளோ வேணும் அக்கா? குரோஸா எடுத்தா கம்மி."

குரோஸ் என்றால் 144. காலேஜில் படித்தது வாழ்க்கையில் முதன்முறையாக உபயோகப்பட்டது.

சுவர் முழுக்க ரப்பர் கீ செயின்கள். கரடி, பூனை, கார்ட்டூன் ஹீரோக்கள். டஜனாக எடுத்தால் பீஸ் 15 ரூபாயாம். எனக்குள் சாத்தான் விழித்தான். அதில் கண்ணாடி போட்ட ஒரு மாமா பொம்மை இருந்தது. மெதுவாக அவள் காதில், "இதையே முப்பது வாங்கிட்டா என்ன? யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து, முந்தின ராத்திரி மாதிரிக்குச் செய்த கேஷியரை எடுத்து அந்த மாமாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் பி.வி.சி.தான். ஆனால் இவர் ஒன்றரை அங்குல உயரத்தில் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தார். நெற்றியில் விபூதி. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கின மீசை, போட்டோவில் இருந்த மாதிரியே. ("சாரைக் கொஞ்சம் கலரா போடச் சொல்லுங்க" என்று வங்கியிலிருந்து சிபாரிசு வந்தது. அவர் நிறம் என்னவோ அதைத்தான் கலந்திருந்தாள்.)

கடைக்காரன் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"எந்த மோல்டு அக்கா இது?"

"மோல்டு இல்ல தம்பி. கையால பண்ணது. பின்னாடி பாருங்க, என் ரேகை பதிஞ்சிருக்கு. அதைத் தேய்ச்சு எடுக்கணும்."

"எவ்ளோக்குக் குடுக்கறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். கடைக்காரனும் என்னைப் பார்த்தான். கரடிகளும் பார்த்தன.

"எண்பது" என்றேன்.

"எண்பதா? அண்ணே, அக்காவுக்கு நஷ்டம் அண்ணே!"

கல்லாவில் கேட்டு ஒரு துண்டுப் பேப்பர் வாங்கினேன். ஒன்று செய்ய 50 நிமிஷம் என்றாள். முப்பதுக்கு 25 மணி நேரம். க்ளே, கொக்கி, வார்னிஷ், கவர், கரண்ட் சேர்த்து பீஸுக்கு 40 ரூபாய். மொத்த வரவு 2,400. செலவு 1,200. மிச்சம் 1,200-ஐ 25 மணியால் வகுத்தால்...

மணிக்கு 48 ரூபாய். மூன்று டீக் காசு. அன்றைய அலைச்சலை நான் சேர்க்கவே இல்லை. இரண்டு வருஷமாக ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறாள். வாரா வாரம் அடுத்தவன் வரவு செலவைக் கிண்டல் செய்து எழுதும் நான், ஒரு நாளும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

"இப்பதான் தெரிஞ்சுதா? நான் போட்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். நீங்க கேட்டதில்லையே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அந்த மாடிப்படியிலேயே நின்று நண்பனுக்கு போன் போட்டேன்.

"டேய், விலை தப்பா சொல்லிட்டேன். நூத்தி எண்பது."

எதிர்முனையில் கேஷ் கவுன்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"ஃப்ரெண்டுன்னு பார்க்காம..."

"ஃப்ரெண்டுன்னுதான் எண்பதுன்னேன். ஆனா செய்யறது நான் இல்லையேடா."

கலந்து பேசிச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பூக்கடை அருகே கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடிக்கும்போது போன் வந்தது. முப்பது வேண்டாம், பன்னிரண்டு போதுமாம். கேஷ் செக்‌ஷன் ஆட்களுக்கும், சாருக்கு ஒன்றும்.

"பன்னெண்டா? நல்லதாப் போச்சு. மீசையை நிதானமாப் போடலாம்" என்றாள்.

வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஓவன் தடை நீடித்தாலும் எனக்கு ஒரு டிபார்ட்மென்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறது: மெல்லிய கம்பியை பால் பாயின்ட் ரீஃபிலில் சுற்றி மூக்குக் கண்ணாடி செய்வது. ராத்திரி ஒன்பதிலிருந்து உட்கார்ந்து ஐந்து முடித்தேன். அதில் இரண்டு ரிஜெக்ட்.