தேன் பாட்டிலில் தெரிந்த மஞ்சள் சுடிதார்

"இது தேனா, வெல்லப்பாகா?"

வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா காட்டிலிருந்து எடுத்து வரும் தேனை அம்மா வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி வைப்பார். வந்து வாங்கும் வியாபாரி சொல்வதுதான் விலை. நாமே நேரடியாக விற்றால் என்ன என்று, கல்லூரி முடித்துத் திரும்பிய மகள் போனில் படம் எடுத்து அனுப்பினாள். அதற்கு வந்த பதில்தான் இது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கேட்டவர் மேல் தப்பில்லை. தேன் கன்னங்கரேலென்று இருந்தது. பாட்டிலின் வயிற்றில் அவளுடைய மஞ்சள் சுடிதார், தூக்கிப் பிடித்த போன், பின்னால் திறந்த வாசல், வாசலில் ஓர் ஆடு. தேனைத் தவிர எல்லாம் தெரிந்தது! வெயிலில் வைத்து எடுத்தாள். பாட்டிலில் பாதி வெள்ளையாகக் கூசியது. ஃபிளாஷ் போட்டாள், இன்னும் மோசம்.

மண்பானை தன்மேல் விழும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். எங்கிருந்து பார்த்தாலும் பானை பானையாகத் தெரியும். கண்ணாடியும் எவர்சில்வரும் அப்படியில்லை. வெளிச்சம் வந்து விழுந்த அதே கோணத்தில் அதை மறுபக்கம் திருப்பிவிடும். எதிரில் எது இருக்கிறதோ, அதுதான் படத்தில் விழும். ஆக, பாட்டிலை எவ்வளவு துடைத்தாலும் போதாது. எதிரில் இருப்பதை மாற்ற வேண்டும்.

பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த காவலூர் அவளுக்கு நினைவுக்கு வந்தது. இதே மலைத்தொடரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் அது. அங்கே 1986-ல் திறக்கப்பட்ட தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு. அவ்வளவு பெரிய கண்ணாடியை வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கக்கூட, ஊர் விளக்குகள் இல்லாத காட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது.

அவள் அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்து ஜன்னலில் கட்டினாள். வெயில் அதில் வடிகட்டி, மெதுவாக உள்ளே வந்தது. பாட்டிலுக்கு மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. பாட்டிலுக்குப் பின்னால், அதைவிடச் சின்னதாக வெட்டிய வெள்ளை அட்டையைச் சற்றுச் சாய்த்து வைத்தாள். அதில் பட்ட வெளிச்சம் தேனுக்குள் புகுந்து வந்தபோதுதான் உண்மையான நிறம் தெரிந்தது. ஆனால், வெள்ளைப் பின்னணியில் பாட்டிலின் விளிம்பு காணாமல்போனது. படத்தில் விழாதபடி இரண்டு ஓரத்திலும் கறுப்பு சார்ட் துண்டுகளை நிறுத்தினாள். விளிம்பு கோடு போட்டதுபோல எழுந்து வந்தது.

இன்னொரு சார்ட்டில் ஓட்டை போட்டு, லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி போனைப் பின்னால் நிறுத்தி, டைமர் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். மஞ்சள் சுடிதார் மறைந்தது. கூச்சத்தைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் உண்டு. சரியான கோணம் அமைந்தால் கண்ணாடிக்கு உதவும். எவர்சில்வர் தூக்குக்கு அது பெரிதாக உதவாது. அங்கே வேட்டிதான் கதி.

கடைசியில் ஓர் ஆசை வந்தது. செயலியில் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். தேன் தங்கமாக ஜொலித்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"நம்ம தேன் இந்தக் கலரா? பூவுக்குப் பூ, மாசத்துக்கு மாசம் மாறும். வாங்குறவங்க பாட்டிலத் தொறந்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

அழித்துவிட்டு, எடுத்த படத்தை எடுத்தபடியே அதே எண்ணுக்கு அனுப்பினாள். சாயங்காலம் பதில் வந்தது.

"கிலோ என்ன விலைம்மா?"

போனை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதல் முறையாகத் தானே ஒரு விலை சொன்னார்.