பேஜாரு என்றால் என்ன அர்த்தம்?

சென்னையில் ஒருவர் ‘ஒரே பேஜாரா இருக்குப்பா’ என்றால் தொல்லை என்று அர்த்தம். ஆட்டோக்காரர் மீட்டர் போட மறுக்கிறார், குழாயில் தண்ணீர் வரவில்லை, இப்படி ஏதோ ஒன்று. அதே சொல்லை மைசூரில் ஒருவர் ‘பேஜாரு’ என்று இழுத்தால் விஷயம் வேறு. சலிப்பாக இருக்கலாம். வருத்தமாக இருக்கலாம். மருமகள் சொன்ன ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டிருக்கலாம். மூன்று மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் மனோதத்துவ நிபுணர் இதில் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அவர் கையில் இருக்கும் கேள்வித்தாளோ பெரும்பாலும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ தயாரானது. அதில் பேஜாருக்கென்று தனிக் கட்டம் கிடையாது.

மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் மனோதத்துவ நிபுணர்கள் காலங்காலமாக ஆராய்ந்து வரும் கேள்விகள் இரண்டு. நோய் வந்தவர் அதை எப்படிச் சமாளிக்கிறார்? அவர் பேசுவதைக் கேட்பவருக்கு என்ன திறமை வேண்டும்? முதல் கேள்விக்கு நூலகம் நிறையப் புத்தகங்கள் உண்டு. இரண்டாவதுதான் சங்கடமானது. அது நோயாளியை அல்ல, நிபுணரையே பரிசோதிக்கிறது.

இந்தக் கேள்விகளுக்கு மைசூர் பொருத்தமான ஊர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத் துறை தொடங்கியது 1924ல். லண்டனில் ஸ்பியர்மனிடம் படித்துத் திரும்பிய எம்.வி. கோபாலசுவாமி அதற்குத் தலைமை தாங்கினார். சோதனைக்கூடம் வைத்தார். அதோடு நிற்கவில்லை. 1935ல் தன் வீட்டிலேயே ஒரு சின்ன வானொலி நிலையத்தைத் தொடங்கி அதற்கு ஆகாஷ்வாணி என்று பெயர் வைத்தார். பிற்பாடு நாட்டின் வானொலிக்கே அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. கேட்பதைத் தொழிலாகக் கொண்ட துறையின் பேராசிரியர் ஒலிபரப்பில் இறங்கியது வேடிக்கைதான். ஆனால் முகம் தெரியாத மனிதரை ஒரு குரல் எப்படித் தொடும் என்ற ஆர்வம் இரண்டுக்கும் பொது. பல்கலைக்கழக வளாகத்துக்கு மானசகங்கோத்ரி என்று பெயர் சூட்டியவர் கவி குவெம்பு. மனம் என்ற கங்கை புறப்படும் இடம்.

அதே ஊரில், கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் போகும் சாலையில், ஒரு காசநோய் மருத்துவமனை இருக்கிறது. 1921ல் திறந்தது. இளவரசி கிருஷ்ணஜம்மண்ணியின் பெயர் அதற்கு. அரச குடும்பத்திலேயே காசநோய் உயிர்களைக் கொண்டுபோன காலம் அது. மருந்து கிடையாது. காற்று, வெயில், பால், முட்டை, ஓய்வு, காத்திருப்பு. நோயாளி செய்ய வேண்டியதெல்லாம் படுத்திருப்பதுதான். அந்த வருடக் கணக்கான படுக்கையில் அவர் மனம் என்ன பாடுபட்டது என்று யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

மருந்து வந்தபின் நிலைமை தலைகீழானது. 1956ல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் ஏற்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மற்றவர்களை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நெரிசலான ஏழை வீடுகள். சத்தான சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. 1959ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம். சானடோரியங்களின் காலம் முடிந்தது.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. நோயைச் சமாளிக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு வருடம், தினமும், உடம்பு தேறிய பிறகும், வாந்தி வந்தாலும், மாத்திரை விழுங்க வேண்டும். சென்னை ஆய்வாளர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்து கண்டுபிடித்தாயிற்று, அதை ஒரு மனிதர் ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்பதுதான் தெரியவில்லை. அங்கே மருத்துவம் முடிந்து மனோதத்துவம் ஆரம்பமாகிறது.

‘அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பது இதற்கு வழக்கமான பதில். இன்றும் எந்தக் கருத்தரங்கிலும் இதைக் கேட்கலாம். பதில் சௌகரியமானது; தப்பு முழுவதும் நோயாளியின் தலையில் விழுந்துவிடும். பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் அன்றைய மைசூர் ராஜ்யத்தின் தும்கூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்து, 1963ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கவிழ்த்துப் போட்டது. காசநோய் உள்ள கிராமத்தவரில் பெரும்பாலோருக்குத் தன் உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்தே இருந்தது. பலர் அதை நினைத்துக் கவலைப்பட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு சுகாதார நிலையத்தின் வாசல்வரை போயும் இருந்தார்கள். அங்கே கிடைத்தது என்னவோ இருமல் மிக்சர்தான்.

நோயாளி தன் பங்கைச் செய்துவிட்டார். நடந்தார், காத்திருந்தார், சொன்னார். கேட்க வேண்டியவர்தான் கேட்கவில்லை.

சமாளிப்பு பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் லாசரஸ், ஃபோக்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984ல் எழுதிய புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவர்கள் சமாளிப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பிரச்னையையே கையில் எடுப்பது ஒன்று. சர்க்கரை வியாதிக்காரர் அரிசியைக் குறைப்பது, நடப்பது, ஊசி போடக் கற்றுக்கொள்வது எல்லாம் அந்த வகை. மாற்ற முடியாததன் வலியைத் தாங்குவதற்கு மனத்தைப் பழக்குவது மற்றொன்று. முதலாவது வீரம், இரண்டாவது பலவீனம் என்று நினைப்பது தவறு. துண்டிக்கப்பட்ட காலை மறுபடி ஒட்ட முடியாது. அங்கே ‘போராடு’ என்று சொல்வது அறிவுரை அல்ல, துன்புறுத்தல்.

இந்திய நோயாளி இங்கே தனக்கே உரிய ஒன்றைக் கொண்டுவருகிறார். கன்னடத்தில் ‘ஹணெபரஹ’, நெற்றியில் எழுதியது. தமிழில் தலையெழுத்து. படித்த டாக்டர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். விதி என்று சொல்பவர் மருந்து சாப்பிட மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. அலகாபாத்தில் அஜித் தலாலும் அவருடைய சகாக்களும் 1980களில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தவர்களிடம் பேசினார்கள். கர்மவினை, கடவுள் சித்தம் என்று காரணம் சொன்னவர்கள் அதனால் உடைந்துபோய்விடவில்லை. மனம் தேறுவதற்கு அந்த நம்பிக்கை கைகொடுப்பதாகவே தெரிந்தது. ‘ஏன் எனக்கு?’ என்ற கேள்வியை எங்காவது இறக்கி வைத்தால்தான் ‘இனி என்ன?’ என்ற கேள்விக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அதற்காகத் தலையெழுத்தை மருந்துச்சீட்டில் எழுதிவிட முடியாது. தொழுநோயாளியையும் குழந்தையில்லாத பெண்ணையும் அதே வார்த்தையை வைத்துத்தான் ஊர் ஒதுக்கியது. தானே சொல்லிக்கொண்டால் ஆறுதல். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் தீர்ப்பு.

இந்த வித்தியாசம் காதில் விழுவதற்குத்தான் திறமை வேண்டும். 1957ல் கார்ல் ரோஜர்ஸ் சிகிச்சைப் பேச்சு பலிப்பதற்கான நிபந்தனைகளை எழுதியபோது, பட்டத்தையும் கோட்பாட்டையும் அதில் சேர்க்கவில்லை. எதிரே இருப்பவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்ப்பது, நிபந்தனையில்லாமல் மதிப்பது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. படிக்கச் சுலபம். நாற்பது பேர் வரிசையில் நிற்கும் அரசு மருத்துவமனையில் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்நாட்டு முறையில் நிபுணர் அறிவுரை சொல்லக்கூடாது. முடிவை நோயாளியே எடுக்க வேண்டும். நம் ஊர்க்காரர் வந்து உட்கார்ந்ததும், ‘நீங்களே சொல்லுங்க சார், நான் என்ன செய்யட்டும்?’ என்பார். பக்கத்தில் அண்ணன், மனைவி, சில சமயம் மாமனார். ஜே.எஸ். நேகி 1973ல் இதைப் பற்றி எழுதும்போது, குரு, சிஷ்ய உறவை இங்கே சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என்றார். நல்ல யோசனை. ஆபத்தும் உண்டு. சிஷ்யனை ஒருநாள் தன் காலில் நிற்க விடுகிற குருக்கள் எல்லாக் காலத்திலும் குறைவு.

அதைவிடக் குறைவு, பயிற்சி பெற்ற நிபுணர்கள். 1954ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியபோதே இவர்களை உருவாக்குவதும் அதன் வேலையாக இருந்தது. அதுதான் 1974ல் நிம்ஹான்ஸ் ஆனது. அந்த நிறுவனமே 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய்க்குச் சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 சதவிகிதத்துக்கும் மேல்.

அப்படியானால் நிபுணர் அல்லாதவருக்கு இந்தத் திறமையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? கோவாவில் விக்ரம் படேல் குழு செய்து பார்த்தது. மனநலத்தில் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஆறிலிருந்து எட்டு முறை பேச வைத்தார்கள். 2017ல் வெளியான முடிவில், இப்படிப் பேசப்பட்டவர்களில் 64 சதவிகிதம் பேர் மூன்று மாதத்தில் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவிகிதம். உரையாடல்களைப் பதிவு செய்து, ஆலோசகர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேசியதை மற்றவர்கள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். எங்கே குறுக்கே பேசினோம், எங்கே அவசரப்பட்டு ஆறுதல் சொன்னோம் என்று தன் குரலையே கேட்பது எந்த நிபுணருக்கும் கசப்பான வைத்தியம். பல பேராசிரியர்கள் இதற்கு உட்பட மாட்டார்கள்.

மானசகங்கோத்ரியில்தான் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது. 1965ல் தொடங்கிய அங்கே மனோதத்துவத் துறையும் உண்டு. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், திக்குவாய் இளைஞர்கள், காது கேளாத குழந்தைகள் தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் வருவதுண்டு. பேசிப் பேசிக் குணப்படுத்தும் முறைக்கு இதைவிடக் கடினமான இடம் இருக்காது. இங்கே பேச்சேதான் நோய். சமாளிக்க வேண்டியவர் குழந்தை மட்டும் அல்ல, அதைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் வந்த தாயும்தான்.

சோதனைகள் முடிந்ததும் அந்தத் தாய் ஒரே கேள்வி கேட்பாள். ‘பேசுவானா?’ ஆம் என்று சொன்னால் பொய்யாகலாம். இல்லை என்றாலும் பொய்யாகலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உடனே வாயைத் திறக்காமல், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பையன் வீட்டில் என்ன செய்வான், யாரைப் பார்த்தால் சிரிப்பான் என்று கேட்க ஆரம்பிக்கிறாரா என்பதில்தான் அவருடைய பயிற்சி தெரியும்.